பெட்டை மட்டும் பொரிக்கும் கோழி

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பதில் ஆராய்ந்து பேச என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தவர்தாம். குஞ்சு வாங்குவது கத்தரிக்காய் வாங்குவதைப் போன்ற கடைத்தெருக் காரியம். விலை கட்டுமா, உயிரோடு வீடு வந்து சேருமா என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பதே நம் எண்ணம். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் கேட்ட ஒற்றைக் கேள்வி அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அக்கேள்விக்கு நாம் தேடிய விடையையும், தேடும்போது நம்மிடமே கண்ட குற்றத்தையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சபாக்கில் நம் வீட்டின் பின்னால் சிறியதொரு கொல்லை உண்டு. கொல்லையை அடுத்துப் பாரிட். பாரிட்டுக்கு அப்பால் தென்னையும் செம்பனையும். வீட்டுச் செலவுக்கு வேண்டிய முட்டையை நாமே எடுத்துக்கொள்ளலாமே என்ற ஆசையில், சென்ற ஆண்டு மழை ஓய்ந்ததும் ஒரு தீவனக் கடைக்குச் சென்றோம். அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் கம்போங் கோழிக் குஞ்சுகள்; சேவலும் பெட்டையும் கலந்தவை; விலை மலிவு. மற்றதில் முட்டைக்கென்றே உண்டாக்கப்பட்ட சாதிக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் பெட்டை, விலை ஏறக்குறைய இரட்டிப்பு. “இதில் ஒரு சேவல்கூட இருக்காதா?” என்று கேட்டோம். “இருக்காதுங்க. அதெல்லாம் எங்க கைக்கே வராது” என்றார் கடைக்காரர். நல்லதாய்ப் போயிற்று என்று பன்னிரண்டு பெட்டைக் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பக்கத்து வீட்டு மூதாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். லயத்தில் இருந்த காலமெல்லாம் அவர் வீட்டுப் பின்புறம் பஞ்சாரம் காலியாக இருந்ததில்லையாம். அவர் வந்து நம் அட்டைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “எல்லாம் பெட்டைதான் பாட்டி, ஒன்றுகூடச் சேவல் இல்லை” என்று பெருமையோடு சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் தம்பி, பெட்டையாவே பொரிக்கிற கோழி எந்த ஊர்ல இருக்கு?” என்றார்.

அப்போது சிரித்துவிட்டோம். இரவு இஷாவுக்குப் பின் பெட்டியருகே உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அப்படிப்பட்ட கோழி எந்த ஊரிலும் இல்லை. இறைவன் படைப்பில் அடைக்கு வைத்த முட்டையில் ஏறக்குறைய பாதி சேவலாகவும் பாதி பெட்டையாகவுமே பொரிக்கிறது. ஆகவே நம் பன்னிரண்டு பெட்டைகள் பொரித்த அதே நாளில், அதே இடத்தில், கிட்டத்தட்டப் பன்னிரண்டு சேவல்களும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்திருக்க வேண்டும். அவை எங்கே?

இதற்கு விடை காணக் கோழியின் பழங்கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கோழி எங்கிருந்தோ வந்த பறவையன்று. நம் பக்கத்துப் பறவை. இன்றும் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் காட்டுக்கோழி கூவுவதைக் கேட்கிறோம்; வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே. தாய்லாந்திலுள்ள பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியினுடையவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழமையானவை என 2022ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அவற்றின் வயது ஏறத்தாழ 3,500 ஆண்டு. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழியே மெல்ல மெல்ல மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் கருத்து. நம் செகிஞ்சான், சுங்கை புசார் வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அந்தப் பழைய உறவில் சேவலுக்கும் இடம் இருந்தது, பெட்டைக்கும் இடம் இருந்தது. பெட்டை முட்டையிட்டது, அடைகாத்தது, இருபத்தொரு நாளில் குஞ்சு பொரித்தது. சேவல் விடியலைச் சொல்லிற்று; பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்தது; விருந்தாளி வந்த நாளில் குழம்பாயிற்று. ஒரே குப்பைமேட்டைக் கிளறி இரண்டும் வளர்ந்தன. வீட்டுக்காரர் எதையும் பிரித்துக் கேட்கவில்லை, பொரித்ததை வளர்த்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு உடைந்தது. கோழி இரண்டு இனமாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று இறைச்சிக்கு, ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும், இதில் சேவலும் பெட்டையும் சேர்ந்தே வளர்க்கப்படுகின்றன. மற்றொன்று முட்டைக்கு, ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும். கம்போங் கோழி ஐம்பது அறுபது இட்டாலே நல்ல கோழி. காட்டுக்கோழி பத்துப் பதினைந்தோடு நின்றுவிடும். முந்நூறு முட்டை என்பது மனிதனின் திறமைக்குச் சான்றுதான். ஆனால் அந்தத் திறமைக்குள் ஒரு கஷ்டம் ஒளிந்திருக்கிறது. முட்டையினத்துச் சேவல் முட்டையிடாது. மெலிந்த உடல்வாகு உள்ளதாகையால் இறைச்சிக்கும் எளிதில் தேறாது. அதற்குப் போடும் தீவனம் அது கொண்டுவரும் காசுக்கு மேல் போய்விடும். ஆகவே வியாபாரக் கணக்கில் அது பிறந்த அன்றே நஷ்டம்.

ஆனால் ஒருநாள் குஞ்சில் சேவலையும் பெட்டையையும் பிரித்தறிவது எளிதன்று. அதற்கும் வழி கண்டார்கள். ஜப்பானில் மசுயி கியோஷி என்ற பேராசிரியரும் அவருடைய துணைவர்களும், குஞ்சின் ஆசனவாயை விரலால் மெல்லப் பிதுக்கி உள்ளேயுள்ள சிறு அடையாளத்தைக் கொண்டு பாலறியும் முறையை வகுத்து, 1927ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். தேர்ந்த ஒருவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகளைப் பார்த்துவிடுவார். தவறுவது மிகச் சொற்பம். பின்னர் இறகின் வளர்ச்சியைக் கொண்டும் நிறத்தைக் கொண்டும் பிரித்தறியத்தக்க இனங்களும் உண்டாயின. வலப்பக்கம் பெட்டை, இடப்பக்கம் சேவல். பெட்டை பெட்டிக்குப் போகும். சேவல் அன்றே நச்சுவாயுவுக்கோ அரைக்கும் இயந்திரத்துக்கோ போகும். சில இடங்களில் அவ்வுடல்கள் பாம்புக்கும் பருந்துக்கும் தீனியாகின்றன. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் உயிரோடு மிஞ்சுகிறவற்றுள் சில சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசப்பட்டுத் திருவிழாக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகி, ஒரு வாரம் தாங்காமல் மடிகின்றன. உலகம் முழுவதும் இவ்வாறு ஆண்டுதோறும் கொல்லப்படும் சேவற் குஞ்சுகள் அறுநூறு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

மூதாட்டியின் கேள்விக்கு விடை இதுதான். பெட்டை மட்டும் பொரிக்கும் கோழி எந்த ஊரிலும் இல்லை. பெட்டையை மட்டும் கேட்கும் மனிதர்கள்தாம் எல்லா ஊரிலும் இருக்கிறோம்.

நிற்க. இந்த விஷயத்தை அஸருக்குப் பின் பள்ளிவாசல் முன்றிலில் நண்பர்கள் சிலரோடு பேசினோம். அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் அற்பமானவையல்ல. ஆகவே ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் நண்பர் சொன்னார்: “நீங்கள் காசு கொடுத்தது பெட்டைக்கு. சேவலைக் கொன்றவன் வேறொருவன். அவன் கணக்கை நீங்கள் ஏன் தலையில் தூக்கிக்கொள்கிறீர்கள்?” கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. தேங்காயெண்ணெய் வாங்குகிறவன் புண்ணாக்கு என்னவாயிற்று என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? வேண்டியதில்லைதான். ஆனால் புண்ணாக்குக்கு உயிர் இல்லை. மேலும், கொன்றவன் தன் விருப்பத்துக்காகக் கொல்லவில்லை. ‘எனக்குப் பெட்டை மட்டும் போதும்’ என்று நாம் கடையில் சொன்ன சொல்தான் பல கைகள் கடந்து அவனிடம் உத்தரவாகப் போய்ச் சேருகிறது. நாம் கொடுத்த இரட்டிப்பு விலை எதற்கு? குஞ்சின் சாதிக்கு ஒரு பங்கு என்றால், பிரித்தெடுத்த வேலைக்கும் ஒரு பங்கு. பிரித்ததற்குக் கூலி கொடுத்துவிட்டு, பிரித்த பிறகு நடந்ததோடு நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல நாக்கு கூசுகிறது. தெரியாமல் வாங்கியது வேறு. தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேளாமல் இருப்பது வேறு. கடைக்காரர் ‘எங்க கைக்கே வராது’ என்றபோது, ‘பின் எங்கே போகிறது?’ என்று நாம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடும் என்ற பயம் உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ!

இரண்டாம் நண்பரின் ஆட்சேபம் இன்னும் வலுவானது. “கோழி அறுத்துச் சாப்பிடுகிற நமக்கு இந்தக் கண்ணீர் எதற்கு? ஐந்து மாதத்தில் அறுத்தாலும் சாவு, முதல் நாளில் போட்டாலும் சாவு. சொல்லப்போனால் ஒரு நொடியில் முடிந்துபோகிற அந்தக் குஞ்சு வலியைக்கூட அறியாது.” இதற்கு விடை சொல்ல நமக்கு இரண்டு நாள் பிடித்தது.

கோழி ஆகுமான உணவு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோழியிறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகையால் உண்பது பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்த அனுமதி எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். கோழியொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய வாலிபர்களை இப்னு உமர் (ரலி) கண்டபோது, உயிருள்ளதை இலக்காக வைப்பவரை நபிகளார் சபித்தார்கள் என்று கண்டித்ததும் அதே ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கோழி அதே கோழிதான். ஓரிடத்தில் உணவு, மற்றோரிடத்தில் சாபம். வேற்றுமை சாவில் இல்லை. எதற்காக என்பதில் இருக்கிறது. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியைப் பற்றிக்கூட மறுமையில் விசாரணை உண்டு என்பது நஸாயீயில் வரும் எச்சரிக்கை. அறுப்பவன் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியைத் துன்புறுத்தாமல் காரியத்தை முடிக்க வேண்டும் என்பது முஸ்லிமில் வரும் கட்டளை.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு கருத்து தெளிவாகிறது. உயிர் நம் உடைமையன்று. உடையவனிடம் அனுமதி கேட்டு, அவன் பெயரைச் சொல்லி, தேவைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொல்வது வெறும் சடங்கன்று. ‘இது என்னுடையதன்று’ என்ற ஒப்புதல் அது. ஐந்து மாதம் வளர்ந்து, வெயில் காய்ந்து, மண் குளித்து, பிறகு ஒரு குடும்பத்தின் பசிக்கு உணவாகும் சேவலின் சாவில் அந்த ஒப்புதல் இருக்கிறது. பிறந்த அன்றே இயந்திரத்தில் விழும் குஞ்சின் சாவில் அது இல்லை. அந்தக் குஞ்சை யாரும் உண்ண விரும்பிக் கொல்லவில்லை; அதனால் யாருக்கும் தீங்கு நேரும் என்றும் கொல்லவில்லை. அதற்குப் போடும் தீவனத்தைவிட அதன் சாவு மலிவு என்பதால் கொன்றார்கள். வலி இருந்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. ஓர் உயிரைக் குப்பை என்று எழுதிவைக்க நமக்கு உரிமை உண்டா என்பதே முதற்கேள்வி.

இது மார்க்கம் சார்ந்தவர்களின் மெல்லிய மனசுக்கு மட்டும் தோன்றும் எண்ணமன்று. ஜெர்மனியில் இதே கேள்வி வழக்காகி, 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் லைப்சிக் நகரிலுள்ள கூட்டரசு நிர்வாக நீதிமன்றம், வியாபார லாபம் ஒன்றே ஓர் உயிரைக் கொல்லப் போதிய நியாயமாகாது என்று கூறியது. மாற்று வழி வரும்வரை சில காலம் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. அந்நாட்டில் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரைக் கோடிச் சேவற் குஞ்சுகள் கொல்லப்பட்டு வந்தன. 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே அது சட்டப்படி தடையாயிற்று. பிரான்சும் அடுத்துத் தடை விதித்தது. முட்டைக்குள்ளேயே பாலறிந்து சேவல் முட்டையை விலக்கும் கருவிகள் வந்தன. சில பண்ணைகள் சேவலையும் சேர்த்து வளர்த்து, அந்தச் செலவை முட்டை விலையில் ஏற்றின. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டுப் பிராணி நலச் சட்டம் உண்டு. பிராணியை வைத்திருப்பவன் அதன் தேவைகளுக்குப் பொறுப்பாளி என்பது அச்சட்டத்தின் அடிப்படை. சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு. வைத்திருப்பவன் பொறுப்பாளி என்ற சொல் நமக்குப் புதியதன்று; அமானிதம் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

மூன்றாம் நண்பர் கொஞ்சம் வாதம் படித்தவர். “நாம் முட்டை கேட்டிராவிட்டால் அந்தச் சேவல் பிறந்தே இராது. ஒரு நாளாவது உலகைப் பார்த்ததே அதற்கு லாபம்தானே?” என்றார். பிறப்பித்தேன், ஆகவே என் இஷ்டம் என்று பெற்ற தகப்பனே சொல்ல முடியாது; பிள்ளையைப் பெற்றதனால் அவனுக்குக் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அடைகாக்கும் இயந்திரத்தில் முட்டையை வைத்தவனுக்கும் நியாயம் அதுதான். நம் தேவைக்காக ஓர் உயிரை உலகுக்கு வரவழைத்தோம் என்றால் அதன் கடன் நம்மேல் ஏறுகிறது. வா என்று கூப்பிட்டு, வந்ததும் நீ வேண்டாம் என்று வாசலிலேயே கழுத்தைப் பிடிப்பதைப் பேருதவி என்று யாரும் சொல்வதில்லை.

நாலாவதாக ஒருவர் மெதுவாகச் சொன்னது நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. “எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். கடை முட்டைதான் எங்களுக்கு இறைச்சி, மீன் எல்லாம். அது இப்படி வந்த முட்டை என்றால் நாங்கள் என்ன செய்வது?” அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: உங்கள்மேல் குற்றமில்லை. கடைத் தட்டில் இருக்கும் முட்டைகளுள் எதன் தமையன் வாழ்ந்தான், எதன் தமையன் மாண்டான் என்று பிரித்து வாங்க நமக்கு இங்கே வழியில்லை. கடை முட்டையை நாமும் சாப்பிட்டவர்தாம், இனியும் சாப்பிடுவோம். சக்திக்கு மேற்பட்டதை இறைவன் எவர்மீதும் சுமத்துவதில்லை. கை எட்டும் தூரம் வரை பொறுப்பும் எட்டும். குஞ்சு வாங்கும் இடத்தில் நம் கை எட்டுகிறது. அங்கே இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன, தேர்ந்தெடுத்தது நாம். ஆகையால்தான் கடை முட்டையைப் பற்றிப் பேசாமல் குஞ்சைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு சேவல்களுக்காக இவ்வளவு விசாரப்பட்ட நாம், கண்ணெதிரே இருந்த பன்னிரண்டு பெட்டைகளை ஒழுங்காகப் பார்த்தோமா? இல்லை. தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 பாகை வெப்பம் வேண்டும். வாரம் போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர் என்றும், விளக்கை விட்டு விலகி ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு என்றும் அறிய வேண்டும். இதெல்லாம் நமக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாலாம் நாள் இரவு, நம் நாட்டில் என்ன குளிர் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவுக்குமேல் மழை பிடித்தது. சுப்ஹுக்கு எழுந்து பார்த்தபோது மூன்று குஞ்சுகள் மற்றவற்றின் அடியில் நசுங்கிக் கிடந்தன. ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸைச் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டவர் நாம். பெட்டிக்குள் அடைத்தவன் நாம். விளக்கை அணைத்தவனும் நாம். வேறு யார்மேல் பழி போடுவது?

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?’ என்பது பழமொழி. தாய் மிதித்துச் சாகாத குஞ்சு, தாயில்லாமல் வளர்க்கப் புறப்பட்ட நம் சோம்பலில் செத்தது. தொலைவிலுள்ள அநியாயத்தைப் பேசுவது எளிது. அருகிலுள்ள கடமை தூக்கத்தைக் கேட்கிறது. அன்று இதை நாம் கற்றுக்கொண்டோம். மூன்று உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

மிஞ்சிய ஒன்பதும் வளர்ந்து ஐந்தாம் மாதத்தில் முட்டையிடத் தொடங்கின. முட்டைக்குக் குறைவில்லை. அண்டை வீடுகளுக்கும் கொடுத்தோம். ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. அந்தக் குணத்தையே அந்த இனத்திலிருந்து கழித்துவிட்டிருந்தார்கள்.

இவ்வாண்டு தொடக்கத்தில் மூதாட்டியே ஒரு யோசனை சொன்னார். தம் உறவினர் வீட்டிலிருந்து அடைக்கு வந்த கம்போங் கோழி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் அடியில் பதினொரு நாட்டு முட்டைகளை வைத்தார். நாம் செய்தது வேளாவேளைக்குத் தண்ணீரும் தானியமும் வைத்தது மட்டுமே. இருபத்தோராம் நாள் ஒன்பது பொரித்தன, இரண்டு கூமுட்டை. விளக்கும் வேண்டியிருக்கவில்லை, இரவில் எழுந்து பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. தாய்க்கோழியின் இறக்கையே போதுமாயிருந்தது. அடைக்கு வைக்க முட்டை கிடைக்காதவர்கள், கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சை இருட்டிய பிறகு அடைக்கோழியின் அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால், விடியும்போது பெரும்பாலும் தன்னுடையதென்றே ஏற்றுக்கொள்ளும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

இரண்டு மாதம் கழிந்ததும் கொண்டையைப் பார்த்து இனம் தெரிந்தது. ஐந்து சேவல், நாலு பெட்டை. முதலில் மனம் சோர்ந்தது உண்மை. பிறகு, இதுதானே நாம் கேட்டது என்று தெளிந்தோம். ஐந்து சேவலும் ஒரு சிறு கொல்லையில் இருக்க முடியாது. ஒன்றையொன்று கொத்தும், பெட்டைகளை அலைக்கழிக்கும், விடியற்காலையில் அண்டை வீட்டார் தூக்கமும் கெடும். ஆகவே ஒன்றை வைத்துக்கொண்டு, நாலையும் ஆறாம் மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தோம். அதுவரை நாம் சந்தையில் அறுத்து வைத்ததை வாங்கியவரே தவிர, கையால் அறுத்தவரல்லர். கத்தியை நன்றாகத் தீட்டி, மற்றக் கோழிகளின் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய், இறைவன் பெயரைச் சொன்னபோது கை நடுங்கிற்று. நடுங்கத்தான் வேண்டும். அன்று வீட்டில் அதிகம் பேச்சில்லை. சட்டியில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

குஞ்சு வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு நம் அனுபவத்திலிருந்து சில வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறோம். உங்கள் இடத்துக்கும் நேரத்துக்கும் எத்தனை தாங்கும் என்று முதலில் எண்ணுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு குஞ்சுகூட அதிகம் வாங்காதீர்கள். பிள்ளைகள் விளையாடுவதற்கென்று வாங்கவே வேண்டாம். கூடுமானவரை கலந்த குஞ்சையே வாங்குங்கள். சேவலை என்ன செய்யப்போகிறோம் என்பதை வாங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாரிட்டிலிருந்து உடும்பும், இரவில் மரநாயும் மலைப்பாம்பும் வரும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி நெருக்கமான கம்பிவலை அடித்த பிறகே குஞ்சைக் கொண்டுவாருங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தவறாதீர்கள். மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்று சொல்லும் அந்நோய் 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதல் கண்டறியப்பட்டது. ஒரு கம்பத்துக் கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகக்கூடியது. வெப்பம் தாங்கக்கூடியதும், தீவனத்தில் கலந்து கொடுக்கக்கூடியதுமான தடுப்பு மருந்து ஒன்றைக் கம்பத்துக் கோழிகளுக்கென்றே 1980களில் உருவாக்கியது நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழகம் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. மருந்து இருந்தும் கொடாமல் விட்டால் அதுவும் விளக்கை அணைத்த கதைதான்.

இன்னொன்று. நம் ஒன்பது முட்டைக் கோழிகளுக்கும் வயதாகிவிட்டது. முட்டை குறைந்துகொண்டே வருகிறது. பண்ணையாயிருந்தால் இதற்குள் கணக்கு முடிந்திருக்கும். நாம் என்ன செய்யப்போகிறோம்? தேவைப்படும் நாளில் ஒவ்வொன்றாக அறுத்து உண்போம்; அதுவரை தீவனம் போடுவோம். முட்டை தந்த காலத்துக்கு மட்டும் தீவனம் என்று நாம் அவற்றோடு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. குஞ்சை வாங்கிய அன்று நாம் வாங்கியது முட்டையை மட்டுமன்று. அதன் குளிர், நோய், முதுமை, முடிவு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கினோம். அதன் உடன்பிறந்த சேவலின் கதியும் அந்த விலைக்குள் இருந்தது. வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு வேண்டாததைப் பிறர் கையில் தள்ளிவிடலாம் என்பது கடைக்கணக்கு. உயிரின் கணக்கை அப்படிப் பிரிக்க முடியாது.

அறுநூறு கோடிக் குஞ்சுகளை நாம் காப்பாற்றிவிடவில்லை. நாம் வளர்த்தது ஐந்தே ஐந்து சேவல். அதில் ஒன்று இப்போதும் சுப்ஹுக்கு முன் கொல்லையில் கூவுகிறது. பாட்டியும் எழுந்துகொள்கிறார், நாமும் எழுந்துகொள்கிறோம். கை எட்டும் இடத்திலாவது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் மனத்தையும், கேட்டபின் செய்ய வேண்டியதைச் செய்யும் உறுதியையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.